திரையில் ஒன்றுமே வரவில்லை: சீரியல் போர்ட் சிக்கலை எங்கே தேடுவது

நெட்வொர்க்கில் ஒரு கணினி பேசவில்லை என்றால் பிங் போட்டுப் பார்க்கலாம். எதிர்முனை இருக்கிறதா, வழியில் எங்காவது அறுந்துவிட்டதா என்று ஏதோ ஒரு துப்பு கிடைக்கும். சீரியல் போர்ட்டில் அந்த வசதி கிடையாது. "இணைந்துவிட்டோம்" என்று இரு பக்கமும் ஒப்புக்கொள்ளும் சடங்கே அதில் இல்லை. ஒரு ஒயரில் மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது, மறுமுனை அதைக் கவனித்து எழுத்தாக மாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். மறுமுனையில் எதுவுமே சொருகாமல் இருந்தாலும் டெர்மினல் மென்பொருள் போர்ட்டைத் திறந்து, "தயார்" என்று ஒரு வரி போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும்.

அதனால் புதிதாக வருபவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவதுபோல் ஆகிவிடுகிறது. வேகத்தை மாற்றுவார்கள், கேபிளை மாற்றுவார்கள், மென்பொருளை மாற்றுவார்கள், மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவார்கள். ஒரு கட்டத்தில் வேலை செய்தாலும் எது சரியானதால் வேலை செய்தது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து.

இதற்குத் தேவை ஒரு வரிசை. நம் கணினிக்குள் தொடங்கி, கேபிள் வழியாக, எதிர்முனைவரை ஒவ்வொரு படியாகப் போக வேண்டும். முந்தைய படி உறுதியாகும் வரை அடுத்ததைத் தொடக் கூடாது. லினக்ஸை வைத்து விளக்குகிறேன். மேக்ஓஎஸ், ஃப்ரீபிஎஸ்டி இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று இடையில் சொல்கிறேன். உதாரணத்துக்கு யுஎஸ்பி-சீரியல் அடாப்டர் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். இப்போது பெரும்பாலான லேப்டாப்புகளில் ஒன்பது பின் போர்ட் கிடையாது. ரவுட்டரின் கன்சோல், ராஸ்பெர்ரி பை, ஏதாவது ஒரு சிறு போர்டு, எதோடு பேசுவதானாலும் இந்த அடாப்டர்தான் வழி.

கர்னல் அதைப் பார்த்ததா?

முதலில் டெர்மினல் மென்பொருளைத் திறக்கவே வேண்டாம். ஒரு ஷெல்லில் "டிமெசேஜ்" கட்டளையை (தட்டும்போது டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்துகள்) டபிள்யூ என்ற விருப்பத்தோடு ஓடவிடுங்கள் (சில விநியோகங்களில் முன்னால் சூடோ தேவைப்படும்). இயங்குதளத்தின் மையமான கர்னல் எழுதும் செய்திகள் அப்போதைக்கு அப்போது திரையில் வரும். இப்போது அடாப்டரைச் சொருகுங்கள். புதிய யுஎஸ்பி சாதனம் கண்டுபிடிக்கப்பட்டது, இன்ன டிரைவர் அதை எடுத்துக்கொண்டது, இன்ன பெயரில் இணைக்கப்பட்டது என்று சில வரிகள் வர வேண்டும். கடைசி வரியில் வரும் பெயர்தான் நமக்கு முக்கியம்.

எஃப்டிடிஐ, சிபி2102, சிஎச்340, பிஎல்2303 போன்ற சிப்கள் உள்ள அடாப்டர் என்றால் பெயர் டிடிஒய்யுஎஸ்பி0 என்று இருக்கும். ஆர்டுவினோ ஊனோ மாதிரி, தானே யுஎஸ்பி மோடம் வகையைச் சேர்ந்தது என்று அறிவித்துக்கொள்ளும் போர்டு என்றால் டிடிஒய்ஏசிஎம்0. தாய்ப்பலகையிலேயே இருக்கும் பழைய வகைப் போர்ட் டிடிஒய்எஸ்0. யூனிக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. இந்தப் பெயர்களில் டிடிஒய் சிறிய எழுத்தில், அதன் பின்னால் வருவது பெரிய எழுத்தில். எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் தட்டிவிட்டு "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்ற செய்தியோடு மல்லுக்கட்டுபவர்கள் நிறைய.

சொருகியும் டிமெசேஜில் ஒரு வரிகூட வரவில்லையா? அப்படியானால் மென்பொருளில் எதைத் திருகியும் பயனில்லை. பெரும்பாலும் கேபிள்தான் காரணம். செல்போன் சார்ஜ் ஏற்ற மட்டும் செய்யப்பட்ட யுஎஸ்பி கேபிள்களில் மின்சார ஒயர்கள் இருக்கும், தகவல் ஒயர்கள் இருக்காது. போர்டில் விளக்கு எரியும், கணினிக்கோ எதுவும் தெரியாது. விளக்கு எரிகிறதே, கேபிள் நன்றாகத்தானே இருக்கிறது என்று நம்பி ஒரு மாலை முழுக்கப் போகும். வேறு வேலைக்கு, முக்கியமாகக் கோப்புகளைப் பரிமாற, பயன்பட்ட கேபிளை எடுத்துச் சொருகிப் பாருங்கள்.

இன்னொரு விசித்திரமான நோயும் உண்டு. சாதனம் இணைந்ததாகச் செய்தி வரும், ஒரு நொடியில் துண்டிக்கப்பட்டதாக இன்னொரு செய்தி வரும். உபுண்டு 22.04 வந்தபோது சிஎச்340 அடாப்டர் வைத்திருந்த பலருக்கு இதுதான் நடந்தது. பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெய்ல் காட்சிக் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை, 1ஏ86:7523 என்ற யுஎஸ்பி அடையாள எண்ணைப் பார்த்ததும் அதைப் பிரெய்ல் கருவி என்று நினைத்துப் பறித்துக்கொண்டது. சிஎச்340 சிப்பின் எண்ணும் அதேதான். டிமெசேஜை நிதானமாகப் படித்தால் அந்தச் சேவையின் பெயரே அதில் இருக்கும். வீட்டில் யாரும் பிரெய்ல் கருவி பயன்படுத்தவில்லை என்றால் அந்தப் பொதியை நீக்கிவிடலாம். பயன்படுத்துகிறார்கள் என்றால் நீக்காதீர்கள்; சாதனங்களைச் சொருகும்போது என்ன செய்வது என்று தீர்மானிக்கும் யூடெவ் விதியில் அந்த ஓர் எண்ணை மட்டும் முடக்கினால் போதும்.

டிடிஒய்எஸ் பெயர்களைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. /டெவ் அடைவில் டிடிஒய்எஸ்0, டிடிஒய்எஸ்1 என்று வரிசையாக இருப்பதைப் பார்த்து அத்தனை போர்ட்டுகள் இருப்பதாக நினைக்க வேண்டாம். வன்பொருள் இல்லாவிட்டாலும் கர்னல் அந்தப் பெயர்களை உருவாக்கி வைத்திருக்கும். இல்லாத போர்ட்டைத் திறந்தால் "இன்புட் அவுட்புட் எரர்" என்று வரும். டிமெசேஜில் 16550ஏ என்ற சிப் பெயரோடு வருகிற டிடிஒய்எஸ் மட்டுமே வழக்கமான பிசியில் உண்மையான போர்ட்.

மேக்ஓஎஸ்ஸில் ஒரே அடாப்டருக்கு இரண்டு பெயர்கள் தோன்றும், ஒன்று டிடிஒய் என்று தொடங்கும், மற்றது சியு என்று தொடங்கும். சியு பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். டிடிஒய் பெயர், எதிர்முனை மோடமிலிருந்து "கேரியர் டிடெக்ட்" சமிக்ஞை வரும்வரை திறக்காமல் காத்திருக்கும். மூன்று ஒயர் மட்டுமே உள்ள இணைப்பில் அந்தச் சமிக்ஞை வரவே வராது, மென்பொருள் உறைந்துபோனது போல் தெரியும். ஃப்ரீபிஎஸ்டியிலும் இதே பாகுபாடுதான். அங்கே யுஎஸ்பி அடாப்டரின் பெயர் சியுஏயு0, கடைசி யு மட்டும் பெரிய எழுத்து.

அனுமதியும் போட்டியும்

பெயர் தெரிந்தாயிற்று. இப்போது திறந்தால் "பெர்மிஷன் டினைட்" என்று வரலாம். இது நல்ல செய்தி, ஏனென்றால் காரணம் நேராகச் சொல்லப்படுகிறது. சாதனக் கோப்பை எல்எஸ் கட்டளையில் எல் விருப்பத்தோடு பார்த்தால் உரிமையாளர் ரூட் என்றும் குழு டயல்அவுட் என்றும் இருக்கும். டெபியன், உபுண்டு, ஃபெடோராவில் குழுவின் பெயர் டயல்அவுட். ஆர்ச் லினக்ஸில் யுயுசிபி. ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டியில் டயலர். லினக்ஸில் யூசர்மாட் கட்டளையால் உங்கள் பயனர் பெயரை அந்தக் குழுவில் சேர்க்க வேண்டும். அப்போது ஏ, ஜி இரண்டு விருப்பங்களையும் சேர்த்துக் கொடுங்கள். ஏ-வை விட்டுவிட்டால் நீங்கள் ஏற்கெனவே இருந்த மற்ற குழுக்களிலிருந்தெல்லாம் வெளியேறிவிடுவீர்கள், சூடோ உரிமையும் சேர்ந்து போகும்.

சேர்த்த பிறகும் அதே பிழை வந்தால் பதற வேண்டாம். குழு விவரம் உள்நுழையும்போதுதான் எடுத்துக்கொள்ளப்படும், எனவே ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்ளே வாருங்கள். "ஐடி" என்று தட்டிப் பார்த்தால் டயல்அவுட் பட்டியலில் வந்துவிட்டதா என்று தெரியும். சாதனக் கோப்புக்கு 666 அனுமதி கொடுக்கச் சொல்லிப் பலர் எழுதி வைத்திருப்பார்கள். அடாப்டரைக் கழற்றிச் சொருகியதும் அந்த மாற்றம் காணாமல் போகும், செய்து பயனில்லை.

ஸ்க்ரீன் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு இங்கே ஒரு கஷ்டம் உண்டு. அனுமதி இல்லாவிட்டாலும், பெயர் தப்பாக இருந்தாலும், அது ஒரு கணம் திரையைத் துடைத்துவிட்டு "ஸ்க்ரீன் இஸ் டெர்மினேட்டிங்" என்று மட்டும் சொல்லி மூடிக்கொள்ளும், காரணம் சொல்லாது. தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது பிகோகாம். சிறியது, தன் அமைப்புகளை எல்லாம் தொடக்கத்திலேயே திரையில் பட்டியலிடும், பிழையை வாய்விட்டுச் சொல்லும். மினிகாம் பழையது, நல்லது, ஆனால் மோடம் காலத்துப் பழக்கங்கள் சிலவற்றை இன்னும் விடவில்லை. அவற்றைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்தது "டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி", அல்லது மினிகாமில் "லாக்ட்" என்ற செய்தி. வேறு ஒரு நிரல் போர்ட்டைப் பிடித்திருக்கிறது. எல்எஸ்ஓஎஃப் அல்லது ஃபியூசர் கட்டளைக்குச் சாதனத்தின் முழுப் பெயரைக் கொடுத்தால் யார் என்று தெரிந்துவிடும். வழக்கமான குற்றவாளிகள் மூவர். நேற்று மூடாமல் விட்ட ஸ்க்ரீன் அமர்வு, பின்னால் திறந்திருக்கும் ஆர்டுவினோவின் சீரியல் மானிட்டர், மோடம்மேனேஜர் சேவை. மோடம்மேனேஜர் புதிதாக வரும் டிடிஒய்ஏசிஎம் போர்ட்டைக் கண்டால் இது செல்போன் மோடமாக இருக்குமோ என்று ஏடி கட்டளைகளை அனுப்பிச் சோதிக்கக்கூடும். சில நொடிகளில் விட்டுவிடும், ஆனால் அந்தச் சில நொடியில் எதிர்முனை போர்டு குழம்பிவிடலாம். மொபைல் டேட்டா டாங்கிள் எதுவும் இல்லை என்றால் அந்தச் சேவையை நிறுத்திவிடுங்கள்.

யாரும் பிடித்திருக்கவில்லை, ஆனாலும் மினிகாம் பூட்டப்பட்டது என்கிறதா? /வார்/லாக் அடைவில் எல்சிகே என்று தொடங்கும் ஒரு கோப்பு மிச்சமிருக்கும். அதற்குள் பூட்டிய நிரலின் எண் இருக்கும். அந்த எண்ணில் இப்போது எதுவும் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு கோப்பை நீக்கலாம்.

பிஸி என்ற பிழைகூட வராமல் இரண்டு நிரல்கள் ஒரே போர்ட்டைத் திறந்துகொள்வதும் உண்டு. அப்போது வரும் எழுத்துகளை இரண்டும் பங்குபோட்டுக்கொள்ளும். திரையில் சொற்கள் பாதி பாதியாக, இடையிடையே எழுத்து விழுங்கப்பட்டு வரும். அந்தக் காட்சியைப் பார்த்தவுடன் வேகத்தைச் சந்தேகிக்காதீர்கள். வருகிற எழுத்து ஒவ்வொன்றும் சரியாகவே இருக்கிறது, சில மட்டும் காணவில்லை என்றால் வேறு யாரோ படிக்கிறார்கள்.

இன்னொன்று. மென்பொருள் திறந்திருக்கும்போதே அடாப்டரைக் கழற்றிச் சொருகினால் பழைய பெயர் இன்னும் பிடிபட்டிருப்பதால் புதிதாக டிடிஒய்யுஎஸ்பி1 என்று பெயர் வரும். மென்பொருளோ பழைய 0-வையே பார்த்துக்கொண்டிருக்கும். /டெவ்/சீரியல்/பை-ஐடி என்ற அடைவில் ஒவ்வொரு அடாப்டருக்கும் அதன் தயாரிப்பு விவரத்தை வைத்து மாறாத பெயர் ஒன்று இருக்கும். இரண்டு மூன்று அடாப்டர் வைத்திருப்பவர்கள் அதையே பயன்படுத்துவது நல்லது.

சிக்கலை இரண்டாகப் பிளக்கும் ஒரு துண்டு ஒயர்

இதுவரை பார்த்தது நம் பக்கம். எதிர்முனைக்குப் போகுமுன் ஒரு சோதனை செய்துவிட வேண்டும். இதற்குச் செலவே இல்லை, ஆனாலும் ஏனோ பலர் இதைச் செய்வதில்லை.

அடாப்டரை எதிர்முனையிலிருந்து முழுக்கக் கழற்றுங்கள். அதன் டிஎக்ஸ் (அனுப்பும்) பின்னையும் ஆர்எக்ஸ் (வாங்கும்) பின்னையும் ஒரு சிறு ஒயரால் இணையுங்கள். ஒன்பது பின் போர்ட் என்றால் 2-ஐயும் 3-ஐயும். இப்போது பிகோகாமைத் திறந்து ஏதாவது தட்டுங்கள். அனுப்பியது அப்படியே திரும்பி வருவதால் தட்டிய எழுத்து திரையில் தெரியும். ஒயரை எடுத்துவிட்டுத் தட்டினால் எதுவும் தெரியக் கூடாது. எடுத்த பிறகும் தெரிந்தால் மென்பொருளில் "லோக்கல் எக்கோ" போட்டிருக்கிறது என்று அர்த்தம், அதை அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

எழுத்து திரும்பி வந்தால் கர்னல், டிரைவர், அனுமதி, மென்பொருள், அடாப்டர், யுஎஸ்பி கேபிள் எல்லாம் ஒரே அடியில் நிரபராதிகள். இனி அவற்றைத் தொடவே வேண்டாம். வரவில்லை என்றால் எதிர்முனையை நினைத்துக் கவலைப்படுவது வீண்; சிக்கல் இன்னும் உங்கள் மேஜையில்தான் இருக்கிறது. ஒன்றை மட்டும் இந்தச் சோதனை சொல்லாது: வேகம். அனுப்புவதும் வாங்குவதும் ஒரே சிப் என்பதால் எந்த வேகம் வைத்தாலும் எழுத்து சரியாகவே வரும்.

ஒயர் போகும் திசை

சோதனை வெற்றி, ஆனால் எதிர்முனையோடு இணைத்தால் மௌனம். இனி ஒயரைப் பார்ப்போம். நம் டிஎக்ஸ் அவர்களுடைய ஆர்எக்ஸுக்குப் போக வேண்டும், நம் ஆர்எக்ஸ் அவர்களுடைய டிஎக்ஸுக்கு, கிரவுண்ட் கிரவுண்டுக்கு. டிஎக்ஸை டிஎக்ஸோடு இணைத்தால் இரண்டு வாயும் ஒன்றையொன்று பார்த்தபடி, காது இரண்டும் வெளியே பார்த்தபடி இருக்கும்.

இந்தக் குழப்பத்துக்கு வரலாறும் ஒரு காரணம். ஆர்எஸ்-232 தரம் 1960-இல் வந்தபோது ஒரு பக்கம் டெலிடைப் போன்ற முனையம், மறுபக்கம் மோடம் என்று கற்பனை செய்தே வரையறுக்கப்பட்டது. இரண்டு வகைக்கும் பின்கள் எதிரெதிராக அமைந்ததால் நேர் கேபிள் போதுமானதாக இருந்தது. கணினியைக் கணினியோடு இணைக்கும்போது இரண்டும் முனைய வகை ஆகிவிடுகின்றன. அதற்கு ஒயர்களை உள்ளே குறுக்காக மாற்றிய நல்மோடம் கேபிள் வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் நேர் கேபிளும் நல்மோடம் கேபிளும் ஒன்றுபோலவே இருக்கும். மல்டிமீட்டர் இருந்தால் ஒரு முனையின் 2-க்கும் மறுமுனையின் 3-க்கும் தொடர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். சிஸ்கோ கருவிகளோடு வரும் வெளிர்நீலத் தட்டைக் கேபிள் இன்னொரு வகை. இரு முனையிலும் ஆர்ஜே45 வைத்து எட்டு ஒயர்களையும் தலைகீழாக மாற்றியது. சாதாரண ஈதர்நெட் கேபிளைக் கன்சோல் துளையில் சொருகினால் துளை பொருந்தும், வேலை நடக்காது.

இந்தப் படியில் தவறு செய்தால் பொருள் சேதம் ஆகும். உண்மையான ஆர்எஸ்-232-இல் 1 என்பதற்கு எதிர்மறை மின்னழுத்தம், 0 என்பதற்கு நேர்மறை, வாங்கும் முனையில் 3 முதல் 15 வோல்ட் வரை. ராஸ்பெர்ரி பை போன்ற போர்டுகளில் 1 என்பது 3.3 வோல்ட், 0 என்பது பூஜ்யம். முன்னதைப் பின்னதோடு நேராக இணைத்தால் போர்டின் பின் கருகிவிடும். எனவே போர்டுகளுக்கு டிடிஎல் வகை அடாப்டரே வாங்குங்கள். அதில் 5 வோல்ட்டா 3.3 வோல்ட்டா என்று மாற்றும் ஜம்பர் இருந்தால் 3.3-இல் வையுங்கள். ராஸ்பெர்ரி பையின் நாற்பது பின்களில் 6 கிரவுண்ட், 8 டிஎக்ஸ், 10 ஆர்எக்ஸ். போர்டுக்குத் தனியாக மின்சாரம் இருக்கும்போது அடாப்டரின் விசிசி (மின்சாரம் தரும்) ஒயரைத் தொங்கவிட்டுவிடுங்கள். கிரவுண்டை மட்டும் மறக்காதீர்கள். கிரவுண்ட் இல்லாமலும் சில சமயம் பாதி வேலை நடக்கும், ஒயரைத் தொட்டால் எழுத்து மாறும், மறுநாள் நின்றுபோகும். அந்த மாதிரி நிலையற்ற நடத்தையைக் கண்டால் முதலில் கிரவுண்ட்.

குப்பை வருகிறது, அப்பாடா

மௌனத்தைவிடக் குப்பை எழுத்துகள் எவ்வளவோ மேல். ஒயர் சரி, எதிர்முனை உயிரோடு இருக்கிறது, பேசுகிறது என்று ஒரே நேரத்தில் இத்தனையும் தெரிந்துவிட்டது. இனி பெரும்பாலும் வேகம் ஒன்றுதான் பாக்கி.

சீரியல் இணைப்பில் கடிகார ஒயர் கிடையாது. ஒரு தொடக்க பிட் வந்ததும் வாங்குபவர் தன் சொந்தக் கடிகாரத்தை வைத்து எண்ணத் தொடங்குகிறார், ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் எட்டிப் பார்க்கிறார். எட்டுத் தகவல் பிட், கடைசியில் ஒரு நிறுத்த பிட், ஆக ஓர் எழுத்துக்குப் பத்து பிட். 9600 வேகம் என்றால் நொடிக்கு 960 எழுத்து. 115200 என்றால் 11520. பத்தாவது பிட்டை எட்டும்போது கடிகாரம் அரை பிட் நழுவினால் கதை முடிந்தது. எனவே இரு பக்கத்துக்கும் சேர்த்துச் சுமார் 5 சதவீதத்துக்குமேல் வித்தியாசம் தாங்காது, நடைமுறையில் 2, 3 சதவீதத்துக்குள் இருப்பது பாதுகாப்பு.

குப்பையின் அளவும் துப்புக் கொடுக்கும். எதிர்முனை ஒரு குறுகிய வரி அனுப்ப வேண்டிய இடத்தில் உங்கள் திரையில் எக்கச்சக்கமான எழுத்துகள் கொட்டினால் பொதுவாக உங்கள் வேகம் அதிகம், ஒரு பிட்டையே பல பிட்டாக எண்ணுகிறீர்கள். நீண்ட செய்தி வர வேண்டிய இடத்தில் நாலைந்து குறி மட்டும் வந்தால் உங்கள் வேகம் குறைவு. பிகோகாமில் கன்ட்ரோல் ஏ, பிறகு கன்ட்ரோல் யு அழுத்தினால் வேகம் ஒரு படி ஏறும். கன்ட்ரோல் ஏ, கன்ட்ரோல் டி அழுத்தினால் இறங்கும். வெளியே வராமலே மாற்றிப் பார்க்கலாம்.

குருட்டாம்போக்கில் ஏறி இறங்குமுன் கையேட்டைப் பாருங்கள். சிஸ்கோ கன்சோல்களில் வழக்கமான வேகம் 9600. ராஸ்பெர்ரி பையும், யு-பூட் என்ற தொடக்க நிரல் உள்ள பல போர்டுகளும் 115200. ராக்சிப் சிப்கள் உள்ள பல போர்டுகள் 1500000 வேகத்தில் பேசும். பழைய சிபி2102 அடாப்டர் அந்த உயரத்துக்கு எட்டாது, அங்கே அடாப்டரையே மாற்ற வேண்டும். இஎஸ்பி8266 தொடங்கும்போது கக்கும் செய்தி 74880 வேகத்தில் வரும். அந்த விசித்திர எண் எங்கிருந்து வந்தது என்றால், சிப்பின் தொடக்க நிரல் 40 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை எதிர்பார்த்து 115200 என்று கணக்குப் போடுகிறது, போர்டில் இருப்பதோ 26 மெகாஹெர்ட்ஸ் படிகம். 115200-ஐ 26-ஆல் பெருக்கி 40-ஆல் வகுத்துப் பாருங்கள்.

ராஸ்பெர்ரி பை 3, 4-இல் வேகம் சரியாக வைத்தும் குப்பை வருவதற்குத் தனிக் காரணம் உண்டு. நல்ல யுஏஆர்டியை (சிப்புக்குள் சீரியல் வேலையைச் செய்யும் பகுதியை) புளூடூத் எடுத்துக்கொள்ள, வெளியே உள்ள பின்களுக்கு மினி யுஏஆர்டி ஒதுக்கப்படுகிறது. அதன் வேகம் சிப்பின் மையக் கடிகாரத்தைச் சார்ந்தது, அந்தக் கடிகாரமோ வேலைப் பளுவுக்கு ஏற்ப மாறும். கன்ஃபிக் கோப்பில் எனேபிள் யுஏஆர்டி என்பதை 1 ஆக்கினால் கடிகாரம் நிலையாக நிறுத்தப்படும்.

குப்பைகளில் ஒரு வகை மட்டும் வேகத்தால் வருவதல்ல. சில எழுத்துகள் சரியாக வருகின்றன, சில மட்டும் எப்போதும் ஒரே மாதிரித் தப்பாக வருகின்றன என்றால் பாரிட்டி (பிழையைக் கண்டுபிடிக்க எழுத்தோடு சேர்த்து அனுப்பும் ஒரு பிட்) அமைப்பைப் பாருங்கள். எதிர்முனை ஏழு பிட்டும் பாரிட்டியும் அனுப்ப, நீங்கள் எட்டு பிட், பாரிட்டி இல்லை என்று படித்தால் பாரிட்டி பிட் 1 ஆக வரும் எழுத்துகள் மட்டும் கெட்டுப்போகும்.

படிக்க முடிகிறது, தட்ட முடியவில்லை

எதிர்முனையின் செய்திகள் அழகாக வருகின்றன. நீங்கள் தட்டுவது மட்டும் போவதில்லை. மினிகாம் பயனர்களிடம் அடிக்கடி பார்க்கும் நோய் இது. "ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோல்" இயல்பாகவே அதில் இயக்கத்தில் இருக்கும். அதாவது எதிர்முனை சிடிஎஸ் ஒயரில் "அனுப்பு" என்று சொன்னால்தான் மென்பொருள் எழுத்தை அனுப்பும். மூன்று ஒயர் இணைப்பில் அந்த ஒயரே இல்லை, அனுமதி ஒருநாளும் வராது. கன்ட்ரோல் ஏ, ஓ அழுத்தி, சீரியல் போர்ட் அமைப்புக்குள் போய், எஃப் எழுத்தைத் தட்டி அதை அணைத்துவிட்டுச் சேமியுங்கள். பிகோகாமில் தொடக்கத்திலிருந்தே இது அணைந்திருக்கும்.

மினிகாமின் இன்னொரு பழக்கமும் இங்கே சொல்ல வேண்டியது. திறந்தவுடன் மோடமைத் தயார் செய்ய ஏடி கட்டளை ஒன்றை அனுப்பும். எதிரே மோடம் இல்லை, யு-பூட் என்றால், ஏதோ விசை தட்டப்பட்டது என்று எண்ணி அது தொடக்கத்தையே நிறுத்திவிடலாம். சிறிய ஓ விருப்பத்தோடு மினிகாமைத் திறந்தால் அதை அனுப்பாது.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று உறைந்துவிட்டால் கன்ட்ரோல் கியூ அழுத்திப் பாருங்கள். சேமிக்கும் நினைப்பில் கை தானாகக் கன்ட்ரோல் எஸ் அழுத்தியிருக்கும். அது "அனுப்புவதை நிறுத்து" என்ற பழைய சமிக்ஞை, கன்ட்ரோல் கியூ மறுபடி தொடங்கச் சொல்வது.

வரிகள் படிக்கட்டு மாதிரி வலப்பக்கம் இறங்கிக்கொண்டே போனால் எதிர்முனை புதுவரிக் குறியை மட்டும் அனுப்புகிறது, வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும் குறியை அனுப்பவில்லை. பிகோகாமில் ஐமேப் விருப்பத்துக்கு எல்எஃப்சிஆர்எல்எஃப் என்று கொடுத்தால் சரியாகும். தட்டும் ஒவ்வோர் எழுத்தும் இரண்டு முறை தெரிந்தால் லோக்கல் எக்கோவை அணையுங்கள்.

எதிர்முனையே வாயைத் திறக்காத நிலையும் உண்டு. யு-பூட் செய்திகள் எல்லாம் வந்து, "ஸ்டார்ட்டிங் கர்னல்" என்ற வரியோடு நின்றுபோகும். உங்கள் ஒயர், வேகம் எல்லாம் சரி என்பதற்கு அதுவரை வந்த வரிகளே சாட்சி. கர்னல் தன் செய்திகளை வேறு போர்ட்டுக்கு அனுப்புகிறது, அல்லது எங்குமே அனுப்பவில்லை. கர்னல் கட்டளை வரியில் கன்சோல் என்ற அளவுருவில் சரியான டிடிஒய் பெயரும் வேகமும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கர்னல் செய்திகளும் வந்துவிட்டன, உள்நுழையக் கேட்கும் வரி மட்டும் வரவில்லை என்றால் அந்த வரியைக் காட்டும் கெட்டி என்ற நிரல் அந்தப் போர்ட்டில் ஓடவில்லை. சிஸ்டம்டி உள்ள இடங்களில் சீரியல்-கெட்டி சேவையை அந்தப் போர்ட்டின் பெயருக்கு இயக்க வேண்டும்.

ஆர்டுவினோ ஊனோவில் ஒவ்வொரு முறை போர்ட்டைத் திறக்கும்போதும் நிரல் முதலிலிருந்து ஓடுவதைப் பழுது என்று நினைத்துவிட வேண்டாம். போர்ட் திறந்ததும் டிடிஆர் என்ற சமிக்ஞை மாறுகிறது, போர்டில் அது ரீசெட்டோடு இணைக்கப்பட்டிருக்கிறது. அதனால் திறந்த கையோடு அனுப்பும் முதல் எழுத்துகள் பூட்லோடர் என்ற தொடக்க நிரலுக்குப் போய் வீணாகும். ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் திறந்தபின் இரண்டு நொடி காத்திருக்கச் செய்தால் போதும்.

எல்லாம் ஓடத் தொடங்கியபின் வெளியே வருவது எப்படி என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பிகோகாமில் கன்ட்ரோல் ஏ, கன்ட்ரோல் எக்ஸ். மினிகாமில் கன்ட்ரோல் ஏ, எக்ஸ். ஸ்க்ரீனில் கன்ட்ரோல் ஏ, கே, பிறகு ஒய். கன்ட்ரோல் ஏ, டி அழுத்தினால் திரையிலிருந்து மறையுமே தவிர போர்ட்டை விடாது. பிஎஸ்டி உலகில் வழக்கமான சியு கட்டளையில், புதிய வரியில் அலைக்குறியும் புள்ளியும். எஸ்எஸ்எச் வழியாக வேறு கணினிக்குள் போய் அங்கே சியுவைத் திறந்திருந்தால் அலைக்குறியை இரண்டு முறை தட்டுங்கள். ஒன்றோடு நிறுத்திப் புள்ளி வைத்தால் எஸ்எஸ்எச் இணைப்பே துண்டாகிவிடும்.